பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

நம் வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது சில சமயம் ஒரு பொருள் கைக்கு அகப்படும். ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். மேலே நிறம் மங்கிய ரிப்பன் துண்டு. ‘கொள்ளுத்தாத்தாவுக்கு வெள்ளைக்காரன் கொடுத்தது’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திராது. குழந்தைகள் விளையாடக் கேட்பார்கள். எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று பெரியவர்களில் ஒருவர் விசாரிப்பார்.

ஒரு முடிவுக்கு வருவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்ளவே இந்தக் கட்டுரை. முகத்தையும் முதுகையும் பார்த்தது போதும். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிப் படியுங்கள். பெரும்பாலும் அங்கே ஓர் எண், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவின் சுருக்கெழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியிலிருந்து ஒரு மனிதருடைய வாழ்க்கையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

நம்மவர்களுக்கும் ராணுவத்துக்கும் வெகு தூரம் என்ற அபிப்பிராயம் பரவலாக உண்டு. துப்பாக்கி பிடித்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அது ஓரளவு சரி. ஆனால் ராணுவம் என்பது துப்பாக்கி மட்டுமல்லவே! மருத்துவர், எஞ்சினீயர், குமாஸ்தா, ஸ்டோர் கீப்பர், தந்தி ஆபரேட்டர் என்று எத்தனையோ உத்தியோகங்கள் அதில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மட்டும் சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தார்கள். ஆகவே நம் அங்கத்தினர் வீட்டுப் பெட்டிகளிலும் இப்படிப்பட்ட பதக்கங்கள் கிடந்தால் அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

பெயரில்லாப் பதக்கங்கள்

போரில் கலந்துகொண்ட எல்லோருக்கும் பதக்கம் என்ற வழக்கம் பிரிட்டனைவிட நம் நாட்டில் முந்தித் தொடங்கியது என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி, தன்னிடம் ஊழியம் பார்த்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பதக்கம் வழங்கத் தொடங்கியது. 1784-85ல் வந்த தக்காணப் பதக்கம் முதலாவது. அடுத்து 1791-92ல் திப்பு சுல்தானோடு நடந்த போருக்கான மைசூர்ப் பதக்கம். அதன் ஒரு பக்கத்தில் ராஜாவின் தலை கிடையாது. ஒரு சிப்பாய் கையில் கொடியோடு, விழுந்து கிடக்கும் பீரங்கிமேல் கால் வைத்து நிற்கிறான். சிப்பாயே பதக்கத்தின் முகமாக இருந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

அடுத்தது ஸ்ரீரங்கப்பட்டணம். 1799 மே 4ஆம் தேதி கோட்டை விழுந்து திப்பு மாண்டார். அந்த வெற்றிக்காக அடிக்கப்பட்ட பதக்கத்தில், பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி அமுக்கும் காட்சி இருக்கிறது. இது பர்மிங்காமில் உள்ள சோஹோ நாணயச்சாலையிலும் கல்கத்தாவிலும் அச்சாயிற்று. பதவிக்குத் தகுந்த உலோகம்: மேல்தட்டுத் தளபதிகளுக்குத் தங்கம், பிறகு தங்கமுலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். சென்னை ராஜதானிப் படைகள் பெரும்பங்கு வகித்த போர் இது. ஆனால் பதக்கத்தில் யாருடைய பெயரும் பொறிக்கப்படவில்லை. இன்று ஒரு ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் கிடைத்தால் உலோகத்தை வைத்து அவர் இருந்த படியை ஊகிக்கலாம். அவர் யார் என்று சொல்ல அந்தப் பதக்கத்தால் முடியாது.

வாட்டர்லூ செய்த மாற்றம்

1815 ஜூன் 18ஆம் தேதி நடந்த வாட்டர்லூ போருக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. அந்தப் போருக்கான பதக்கம் அடுத்த ஆண்டுகளில் வழங்கப்பட்டபோது இரண்டு புதுமைகள் நடந்தன. தளபதி முதல் கடைசிச் சிப்பாய் வரை எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பதக்கம் என்பது முதலாவது. ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பிலும் அதைப் பெறுகிறவரின் பெயரும் படைப்பிரிவும் இயந்திரத்தால் பொறிக்கப்பட்டது இரண்டாவது. ஏறத்தாழ 39,000 பதக்கங்கள் இப்படி வழங்கப்பட்டன. களத்தில் இறந்தவருக்கு உரியது அவருடைய குடும்பத்தாரிடம் சேர்ப்பிக்கப்பட்டது. பின்வந்த போர்ப் பதக்கங்களில் இது மெல்ல வழக்கமாயிற்று. பெயர் பொறிக்காத நாடுகளும் பல உண்டு. பிரிட்டிஷ் பதக்கங்களைச் சேகரிப்பவர்களும் ஆராய்பவர்களும் உலகெங்கும் இத்தனை பேர் இருப்பதற்கு இந்த ஒரு பழக்கமே முக்கியக் காரணம்.

ஆனாலும் நம் சிப்பாய்களுக்கு எல்லாம் நேரத்தோடு கிடைத்துவிடவில்லை. 1803 செப்டம்பரில் ஆர்தர் வெல்லெஸ்லி அஸாயேயில் மராட்டியப் படையோடு மோதியபோது அவர் கையில் இருந்த இந்தியப் பட்டாளங்கள் சென்னை ராணுவத்தைச் சேர்ந்தவை. அந்தப் போருக்கும் அதையடுத்து வந்த போர்களுக்குமாக ‘ஆர்மி ஆஃப் இந்தியா’ பதக்கம் அறிவிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1851ல்! நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து! அதுவும், அதுவரை உயிரோடிருந்து விண்ணப்பம் போட்டவர்களுக்கு மட்டும். மொத்தம் வழங்கப்பட்டவை சுமார் 4,500 தான். இருபது வயதில் அஸாயேயில் நின்ற ஒரு சிப்பாய்க்கு அப்போது அறுபத்தெட்டு வயது. ஏதோ ஒரு கிராமத்தில் இருந்த அவருக்கு அறிவிப்பு எட்டி, அவர் விண்ணப்பமும் எழுதியிருக்க வேண்டும்.

வெள்ளியும் வெண்கலமும்

பதவிக்கு ஒரு உலோகம் என்ற பழைய பேதம் வாட்டர்லூவோடு ஒழிந்ததாக நினைத்தால், இந்தியாவில் அது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 1885-87 பர்மா யுத்தத்திலிருந்து, போரிடும் வீரர்களுக்கு வெள்ளிப் பதக்கம், கூடச் சென்ற ஊழியர்களுக்கு அதே அச்சில் வெண்கலப் பதக்கம் என்று வகுத்தார்கள். ஊழியர் என்றால் யார்? தண்ணீர் சுமந்த பிஸ்தி, காயம்பட்டவர்களைச் சுமந்த டூலிக்காரர், கோவேறு கழுதை ஓட்டியவர், சமையல்காரர், துப்புரவு செய்தவர். 1895ஆம் ஆண்டின் இந்தியப் பதக்கம், 1900ஆம் ஆண்டின் சீனப் பதக்கம், 1903-04 திபெத்துப் பதக்கம் எல்லாவற்றிலும் இந்த வேற்றுமை தொடர்ந்தது. பனிமலை ஏறியதும் குண்டுக்கு நடுவே தண்ணீர் கொண்டு போனதும் எல்லோருக்கும் பொதுதான். பதக்கத்தின் உலோகம் மட்டும் வேறு.

முதல் உலகப் போரிலும் இது நடந்தது. ‘பிரிட்டிஷ் வார் மெடல்’ எனப்படும் பதக்கம் வெள்ளியில் சுமார் 65 லட்சம் வழங்கப்பட்டது. சீனா, மால்டா, இந்தியா முதலிய இடங்களிலிருந்து சென்ற தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டும். காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள்: அன்று மட்டமென்று கருதிக் கொடுத்த வெண்கலம் இன்று அரிதாகிவிட்டது, சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். அந்த வெண்கலப் பதக்கங்களின் விளிம்பிலும் பொறிப்பு உண்டு. ஒரு தண்ணீர்க்காரரையோ கூலிக்காரரையோ எந்தச் சரித்திரப் புத்தகம் குறித்து வைத்தது? விளிம்பு குறித்து வைத்தது.

கல்லில் எண்ணிக்கை, விளிம்பில் பெயர்

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். இறந்தவர் சுமார் 74,000. போர் முடிந்ததும் ஆட்களை அனுப்பிய கிராமங்களில் சலவைக்கல் பலகைகள் பதிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் பல இடங்களில் இவற்றைப் பார்க்கலாம். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கை மட்டுமே இருக்கும், பெயர் இராது.

இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னம் 1929ல் திறக்கப்பட்டது. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது அது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் மட்டும் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கையில் அடக்கப்பட்டார்கள். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021ல் வெளியிட்ட அறிக்கையில் இந்த அநீதியை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள் என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கூறியது.

அந்தச் சிப்பாய்களில் ஒருவருடைய பதக்கம் இன்று யாரோ ஒருவர் கையில் இருந்தால், நினைவுச்சின்னம் மறுத்த பெயர் அதன் விளிம்பில் இருக்கிறது. அதை உருக்கினால் கல்லில் இல்லாத பெயர் உலோகத்திலும் இல்லாமற் போகும்.

இரண்டாம் உலகப் போரில் இதற்கு நேர்மாறான ஒரு விநோதம் நடந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் தன் சொந்த வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களிலும் போர்ப் பதக்கங்களிலும் பெயர் பொறிக்காமல் விட்டுவிட்டது. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் பொறித்துக் கொடுத்தன. லண்டனில் ஒருவர் தன் தாத்தாவின் பர்மா நட்சத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அது அவருடையதுதான் என்று நிரூபிக்க முடியாமல் இருக்கலாம். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ உள்ள பேரனுக்கு அந்தக் கஷ்டம் குறைவு.

ஆராய்வது எப்படி?

முதலில் படித்ததை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எண்ணையும் எழுத்தையும் திருத்த வேண்டாம். ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள் நம் பெயர்களைச் சித்திரவதை செய்திருப்பார்கள்; அந்தத் தப்பான எழுத்துக் கூட்டலைக் கொண்டுதான் பதிவேட்டிலும் தேட வேண்டியிருக்கும். முதல் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களுக்கு விளிம்பு கிடையாது. பெயர் வெறுமையான பின்பக்கத்தில் இருக்கும்.

அடுத்து, பதக்கம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 1914 நட்சத்திரம் என்றால் அந்த ஆண்டிலேயே பிரான்ஸிலோ பெல்ஜியத்திலோ இருந்தவர். 1914-15 நட்சத்திரம் என்றால் மெசபடோமியா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய வேறு களமாக இருக்கலாம். நட்சத்திரம் இல்லாமல் பிரிட்டிஷ் வார் மெடலும் விக்டரி மெடலும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1916க்குப் பிறகு களத்துக்குச் சென்றவர். இந்த மூன்றையும் சேர்த்து ஆங்கிலேயர் ‘பிப், ஸ்குவீக், வில்ஃப்ரெட்’ என்று செல்லமாக அழைப்பார்கள். அக்காலத்து டெய்லி மிரர் பத்திரிகையில் வந்த சித்திரக்கதைப் பாத்திரங்களின் பெயர்கள் அவை. இரண்டாம் போரின் ‘இந்தியா சர்வீஸ் மெடல்’ என்றால் இந்தியாவுக்குள்ளேயே மூன்றாண்டு பணி செய்தவர் என்று பொருள். ரிப்பன்மேல் குறுக்காகத் தகட்டுப் பட்டை இருந்தால் அது எந்தச் சண்டை, எந்த ஆண்டு என்பதைச் சொல்லும்.

பிறகு ஆவணங்கள். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் உலகப் போரின் பதக்க அட்டைகளும் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகளும் உள்ளன. பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. வீரப் பதக்கம் என்றால் லண்டன் கெஜட்டில் அறிவிப்பு வந்திருக்கும். அதை இணையத்தில் தேடலாம். நம் நாட்டில் டெல்லி தேசிய ஆவணக் காப்பகம் உண்டு. சென்னை சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் எஞ்சினீயர் குரூப்பின் தலைமையகம் பெங்களூரிலும், மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் வெலிங்டனிலும் உள்ளன. இறந்தவர் என்றால் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பஞ்சாப் மாகாணத்துப் படைவீரர் சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் பல்லாண்டுக் காலம் லாகூர் அருங்காட்சியகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றை இணையத்தில் ஏற்றும் பணி 2021ல் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. இப்படிப்பட்ட கதவுகள் இன்னும் திறக்கலாம்.

பிரிட்டனிலேயே ஆவணங்கள் பத்திரமாக இருந்தன என்று எண்ண வேண்டாம். 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டினால், முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் ஏறத்தாழ அறுபது சதவீதம் எரிந்து போயின. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குப் பதக்க அட்டையும் பதக்கத்தின் விளிம்புமே மிச்சம்.

சேகரிப்பும் சந்தையும்

பதக்கம் சேகரிப்பதைச் சிலர் முகம் சுளித்துப் பார்ப்பதுண்டு. அடுத்தவர் ரத்தம் சிந்திப் பெற்றதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பிரிட்டனில் 1942லேயே பதக்க ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, பெயர் தெரியாத எத்தனையோ சிப்பாய்களின் சரித்திரத்தைத் தோண்டி எடுத்தவர்கள் சேகரிப்பாளர்களே. குடும்பம் கைவிட்டதை அவர்கள் காப்பாற்றியதும் உண்டு.

சந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரிட்டிஷ் வார் மெடலில் சுமார் ஓர் அவுன்ஸ் வெள்ளி இருக்கிறது. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு ஐம்பது டாலரை நெருங்கியபோது, பதக்கத்துக்குக் கிடைத்த விலையைவிட உலோகத்துக்குக் கிடைத்த விலை அதிகமாயிற்று. எண்ணற்ற பதக்கங்கள் உருக்கு உலைக்குப் போயின. துணையிழந்த வெண்கல விக்டரி மெடல்கள் இன்றும் கடைகளில் தனியாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

போலிகளும் உண்டு. பதக்கம் உண்மையானதாகவே இருக்கும். ஆனால் விளிம்பில் இருந்த சாதாரணப் பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலைபோகும் ஒருவர் பெயரைப் பொறித்திருப்பார்கள். பெரும்பாலான பதக்கங்களின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். ராவப்பட்ட பதக்கம் ஓரிழை குறைவாக இருக்கும். அளந்து பார்ப்பதும், பெயரைப் பதக்கப் பட்டியலோடு ஒப்பிடுவதுமே தற்காப்பு.

வீட்டில் பதக்கம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பஞ்சபாத்திரத்தைத் துலக்குவது போல விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். அழுக்கோடு எழுத்தும் தேய்ந்து போகும். ஒருவருக்குக் கிடைத்த பதக்கங்களைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போடாதீர்கள். அவை சேர்ந்திருந்தால்தான் அவர் கதை முழுதாகும். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நூறாண்டு கடந்த சரித்திரப் பொருள்களை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த வயதை எட்டிவிட்டன.

இரண்டு ஜார்ஜ் கிராஸ்கள்

எதிரியின் முன்னிலையில் அல்லாமல் வேறு வகையில் காட்டிய உச்சமான தீரத்துக்காக 1940 செப்டம்பரில் ஏற்படுத்தப்பட்டது ஜார்ஜ் கிராஸ். விக்டோரியா கிராஸுக்குச் சமமான மரியாதை உடையது. இதைப் பெற்ற முதல் இந்தியர் ஒரு தமிழர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் காஞ்சீபுரத்தை அடுத்த கீழோட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. 1944 பிப்ரவரி 24ஆம் தேதி இத்தாலியில் மிக்னானோவுக்கு அருகே, புதைத்து வைத்த கண்ணிவெடிகளை அகற்றும் வேலையில் அவருடைய குழு ஈடுபட்டிருந்தது. ஒருவர் கால் பட்டு ஒரு கண்ணி கிளம்பிவிட்டது. அந்த வகைக் கண்ணியில் முதலில் சிறு வெடிப்பு. பெரிய வெடிப்புக்குச் சில விநாடி தாமதம். அந்த விநாடிகளில் சுப்பிரமணியன் ஓடவில்லை. கண்ணியின்மேல் விழுந்து வெடிப்பைத் தன் உடம்பால் வாங்கிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் பெயர் இத்தாலியில் சாங்க்ரோ நதிக்கரைத் தகன நினைவுச்சின்னத்தில் இருக்கிறது.

இரண்டாமவர் இமாசலப் பிரதேசத்து பிலாஸ்பூரைச் சேர்ந்த நாயக் கிர்ப்பா ராம். 1945 செப்டம்பர் 12ஆம் தேதி பெங்களூருக்கு வடக்கே தொண்டேபாவி பயிற்சி முகாமில், தவறி விழுந்த கையெறி குண்டைத் தூக்கி எறிய ஓடினார். எறிவதற்குள் அது வெடித்துவிட்டது. பதக்கம் அவருடைய இளம் மனைவியிடம் வந்து சேர்ந்தது. அறுபதாண்டுக்கு நெருங்க அந்த அம்மாள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். 2002ல் அது வீட்டிலிருந்து திருடு போயிற்று. 2009ல் லண்டனில் ஓர் ஏலப் பட்டியலில் தலை காட்டியது. விஷயம் வெளிவந்து விற்பனை நிறுத்தப்பட்டது. பல ஆண்டுச் சட்டப் போராட்டத்துக்குப் பிறகு பதக்கம் இந்தியாவுக்குத் திரும்பியது. அது யாருக்குரியது என்பதில் குழப்பம் ஏற்படாததற்கு, பதக்கம் தன்மேல் தன் சொந்தக்காரர் பெயரைச் சுமந்திருந்ததும் ஒரு காரணம்.

இடப்பக்கமா, வலப்பக்கமா?

பதக்கம் அணிவதற்கும் முறை உண்டு. பெற்றவர் தம் பதக்கங்களை இடப்பக்க மார்பில் அணிவார். இறந்துவிட்ட தகப்பனாருடையதையோ தாத்தாவுடையதையோ வாரிசுகள் அணிவதானால் வலப்பக்கம். முதல் உலகப் போருக்குப் பின் விதவைகளும் குழந்தைகளும் நினைவு நாளில் இப்படி அணிந்து நின்றதிலிருந்து பிரிட்டனில் இது வழக்கமாயிற்று. விதிப்படி அடுத்தவர் பதக்கத்தை அணியக் கூடாதுதான். எனினும் வலப்பக்கம் என்ற மரியாதையைக் காப்பாற்றினால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. பார்ப்பவருக்கு, ‘இது என்னுடையதல்ல, என்னவர்களுடையது’ என்று அது சொல்லிவிடுகிறது.

சட்டத்தின் நிலை நாட்டுக்கு நாடு வேறு. உரிமையில்லாமல் பதக்கம் அணிவதை பிரிட்டனின் 1955 ராணுவச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2009 முதல் அந்தப் பிரிவு இல்லை. அதை மீட்க 2016ல் கொண்டுவந்த மசோதா 2017ல் நாடாளுமன்றம் கலைந்ததோடு காலாவதியாயிற்று. நம் நாட்டில், படைவீரர் அல்லாதவர் தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்பவேண்டுமென்று ராணுவ உடையோ சின்னமோ அணிந்தால் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சம்ஹிதையிலும் தொடர்கிறது.

சுதந்திர இந்தியாவில் வெள்ளைக்காரன் பதக்கத்தை அணியலாமா என்ற சந்தேகம் சிலருக்கு எழும். அரசியல் சட்டத்தின் 18ஆவது ஷரத்து பட்டங்களை ஒழித்தபோதே ராணுவச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் விலக்கு அளித்தது. சர் பட்டமும் ராவ்பகதூரும் முடிந்து போயின. போர்க்களத்தில் பெற்றது நிலைத்தது. ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷாவின் புகைப்படத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1942ல் பர்மாவின் சிட்டாங் நதியருகே பலத்த காயம்பட்டு அவர் பெற்ற மிலிட்டரி கிராஸ், சுதந்திர இந்தியாவின் விருதுகளோடு அவர் மார்பில் கடைசிவரை இருந்தது. 1971 வெற்றியின் தளபதியை யாராவது அதற்காகக் குறை சொன்னதுண்டா?

இரண்டு காலங்களும் ஒன்றாகச் சந்தித்த ஒரு பதக்கமும் உண்டு. 1947 ஆகஸ்டு 15 அன்று படையில் இருந்தவர்களுக்கு வழங்கிய இந்திய சுதந்திரப் பதக்கம் அது. ஒரு பக்கம் கிரீடத்தோடு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர். மறுபக்கம் அசோகரின் சிங்கங்கள். ரிப்பன் நம் மூவர்ணம்.

முகமும் விளிம்பும்

கடைசியாக ஒரு தர்மசங்கடமான கேள்வி மிச்சம் இருக்கிறது. நம்மை அடிமைப்படுத்திய சர்க்காரின் போர்கள் இவை. சில போர்கள் நம் மக்களுக்கு எதிராகவே நடந்தவை. அதற்காகக் கொடுத்ததைப் பெருமையாக வைத்துக்கொள்வதா?

அந்தப் போர்களின் நியாயத்துக்காக வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிங்கத்தைப் பார்த்து நாம் மகிழ வேண்டியதுமில்லை. பதக்கத்தின் முகம் ராஜாவுடையது; அதில் எழுதியிருப்பது ராஜாவின் கதை. விளிம்பு மட்டும் அவனுடையதல்ல. பஞ்சத்துக்காகவோ, கடனுக்காகவோ, பட்டாளத்தில் சேர்ந்த அண்ணனைப் பார்த்தோ, மாதச் சம்பளத்தை நம்பியோ கப்பலேறிய ஒரு மனிதருடையது. அவருக்குப் போரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. அவருடைய பிள்ளை பேரன்மார்தான் இன்று நாம். நாமும் அவர் பெயரைப் படிக்காவிட்டால் அவரை எண்ணிக்கையாக மட்டும் எழுதி வைத்தவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே அங்கத்தினர்களுக்கு ஒரு யோசனை. வீட்டில் பதக்கம் இருந்தால் விளிம்பில் உள்ளதைப் படித்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அவர் இன்னாருக்கு இன்ன உறவு, எந்த ஊர், என்ன ஞாபகம் இருக்கிறது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இப்போதே கீழே சேர்த்து எழுதுங்கள். அந்தக் காகிதத்தைப் பதக்கத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஆங்கிலேயர் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மீதியை எழுதக் கூடியவர்கள் வீட்டார் மட்டுமே.